வைக்கோல் வாரிகள்: ஒன்றரை ஏக்கர் வயலில் இழுத்துப் பார்த்தவை

கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டிக்கு அருகே எனக்குள்ள ஒன்றரை ஏக்கர் வயல் ஐந்து துண்டுகளாகக் கிடக்கிறது. அவற்றுள் பெரியது 40 சென்ட். சிறியது 18 சென்ட். தொழுவத்தில் மூன்று பசுக்களும் ஒரு கிடாரியும் நிற்கின்றன. நெல்லைவிட வைக்கோலைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கும் இப்படிப்பட்ட சிறு குடித்தனத்துக்கு எந்த வைக்கோல் வாரி பொருந்தும் என்பதைக் கடந்த நான்கு பூக்களில் (பூ என்பது இங்கே நெற்பருவம்), அதாவது ஆவணி, புரட்டாசியில் அறுக்கும் கன்னிப்பூ இரண்டிலும் மாசியில் அறுக்கும் கும்பப்பூ இரண்டிலும், ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன். ஐந்து வகைகளை என் கையால் இழுத்தோ வாடகைக்கு அமர்த்தியோ பார்த்திருக்கிறேன். மற்றவற்றைப் பற்றி அவற்றின் இயக்க முறையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மாவட்டத்தில் கடைக்குப் போய் ‘வாரி வேண்டும்’ என்றால் துடைப்பத்தை, அதாவது வாரியலை, எடுத்து நீட்டுவார்கள். மரக்கடையில் கேட்டால் கூரைக்குப் போடும் பனைவாரியைக் காட்டுவார்கள். இரும்புக் கடைக்காரர்கள் இதை ‘ரேக்’ என்றே அறிவார்கள். நாஞ்சில் நாட்டில் இத்தனை தலைமுறையாக நெல் விளைந்தும் இந்தக் கருவிக்கு உறுதியான ஒரு பெயர் நிலைக்காமல் போனதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். கையால் அறுத்த காலத்தில் வைக்கோல் வயலில் சிதறிக் கிடந்ததே இல்லை. அரிந்த கதிர் கட்டாகிக் களத்துக்கு வந்தது. அங்கே அடித்து, மாடு கட்டிச் சூடு மிதித்து, கவைக்கம்பால் உதறி, நீண்ட தாளாகவே படப்பில், அதாவது வைக்கோற்போரில், ஏறியது. வயலில் எஞ்சியது அடித்தாள் மட்டுமே. செயின் வண்டி என்று நாம் சொல்லும் அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கிய பிறகுதான் வைக்கோல் ஒடிந்து, கசங்கி, வயல் முழுவதும் வரிசை வரிசையாகக் கொட்டத் தொடங்கியது. அதைப் புரட்ட வேண்டும், ஒதுக்க வேண்டும், கூட்ட வேண்டும். ஆகவே வைக்கோல் வாரி நமக்குப் புதிய தேவை. மேய்ச்சல் புல்லை அறுத்து உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிக்கும் நாடுகளுக்கு மட்டுமே அது பழைய கருவி. அங்கே உருவான வகைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கினால் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதுதான் கேள்வி.

முதலில் நான் வாங்கியது நாகர்கோவில் கோட்டாற்றுப் பக்கம் ஓர் இரும்புக் கடையில் 320 ரூபாய்க்குக் கிடைத்த 14 பல் இரும்பு வாரி. தோட்டத்தில் பாத்தி சமப்படுத்தவும் சருகு ஒதுக்கவும் செய்யப்பட்ட கருவி அது. பல்லின் நீளம் இரண்டரை அங்குலம். இடைவெளி ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். வைக்கோலில் இரண்டு இழுப்பு இழுத்ததும் பற்களுக்கிடையே தாள் அடைத்துக்கொண்டு, அதன் பிறகு கருவி வெறும் பலகையாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, அதன் எடையும் பற்களின் கூர்மையும் சேர்ந்து மண்ணைக் கிளறுவது. கன்னிப்பூ அறுவடைக்குப் பிறகு வயல் முழுமையாகக் காய்ந்திருப்பதில்லை. அந்த ஈர மண்ணில் இந்த வாரியை இழுத்தபோது, எங்கள் வயலில் நெடுங்காலமாக வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது வைக்கல வாரல்ல மக்கா, மண்ணையில்லா வாருது” என்றார். அன்று ஒதுக்கிய வைக்கோலைத் தொழுவத்தில் உதறியபோது அடியில் தங்கிய மண்ணைப் பார்த்த பிறகு எனக்கு மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. மண் ஒட்டிய வைக்கோலை மாடு ஒதுக்கும். ஒதுக்காமல் தின்றாலும் அது நல்லதல்ல. அடுக்கி வைத்தால் அந்த ஈர மண் ஒட்டிய இடத்திலிருந்துதான் பூஞ்சணம் தொடங்குகிறது. இரண்டாம் பூவிலேயே பிடியும் தலையும் சேரும் இடம் கழன்றுவிட்டது. இப்போது அது முற்றத்தில் சாணக்குழியோரம் இருக்கிறது. அந்த வேலைக்கு அது நல்ல கருவிதான்.

அடுத்தது விசிறி வாரி. கோழிக்காலைப் போல விரிந்த கம்பிப் பற்கள் கொண்டது. சிலவற்றில் பல் பிளாஸ்டிக்கில் வரும். எடை மிகக் குறைவு; மண்ணைத் தொட்டாலும் கிளறாது. ரப்பர் தோட்டத்தில் சருகு கூட்டவும், தென்னந்தோப்பில் வெட்டிப் போட்ட புல்லை உலர்ந்த பின் ஒதுக்கவும் இதைவிட எளிய கருவி இல்லை. ஆனால் வைக்கோல் வரிசையைப் புரட்ட இதனால் முடியாது. கம்பி வளைந்து கொடுப்பதால், மேலே கிடக்கும் தாளைத் தடவிச் செல்லுமே தவிர அடியிலிருக்கும் ஈரத் தாளைத் தூக்காது. சிதறிய கடைசிக் கைப்பிடி வைக்கோலைக் கூட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு, அதைக் கம்பிப் பற்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மூன்றாவது, ஊரிலுள்ள ஒரு தச்சாசாரியிடம் அளவு சொல்லிச் செய்வித்த மரவாரி. ஐரோப்பிய நாடுகளில் புல் உலர்த்துகிறவர்கள் நூற்றாண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் கருவியின் அமைப்பு இதுதான்: அகன்ற ஒரு மரத்தலை, அதில் துளையிட்டு அடித்த மரப் பற்கள், நீண்ட பிடி. நான் கேட்ட தலை 30 அங்குல அகலம். அதில் 12 பற்கள். பல்லின் நீளம் நான்கு அங்குலம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே இரண்டரை அங்குலம். தலைக்கு மஞ்சணத்தியைத் தேர்ந்தவர் ஆசாரி. முன்பு நுகத்தடிக்கு அந்த மரத்தை எடுத்ததற்கு அதன் எடைக்குறைவே காரணம் என்றும், காளையின் கழுத்துக்குப் பொருந்தியது மனிதர் கைக்குப் பொருந்தாதா என்றும் கேட்டார். பற்கள் வைரம் பாய்ந்த பனையில் செதுக்கியவை. பிடி மூங்கில். மரமும் கூலியுமாக 950 ரூபாய் ஆயிற்று. கடை வாரியின் விலையைப் போல மூன்று மடங்கு என்று முதலில் வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது உண்மை.

நான்கு பூக்களில் எனக்கு அதிகம் உதவியது இந்த மரவாரிதான். நீண்ட பல் வரிசையின் அடிவரை இறங்குகிறது. அகன்ற இடைவெளியில் தாள் சிக்குவதில்லை. மழுங்கிய மர நுனி மண்ணின் மேல் வழுக்கிச் செல்கிறதே தவிர உள்ளே குத்துவதில்லை. பற்கள் தலைக்கு நேர் செங்குத்தாக இல்லாமல், இழுப்பவரை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு அதிகமானால் மண் வரும், குறைந்தால் தாள் நழுவும். முதலில் செங்குத்தாக அடித்துத் தந்த பற்களை நான் திரும்பக் கொண்டுபோய்ச் சாய்த்து வாங்கினேன். பிடியின் நீளம் இழுப்பவரின் நெற்றி உயரத்துக்குக் குறையக் கூடாது. கடையில் விற்கும் வாரிகளின் பிடி பெரும்பாலும் நெஞ்சளவே இருப்பதால் குனிந்தே இழுக்க வேண்டியிருக்கிறது; அந்த வலி மாலையில் இடுப்பில் தெரியும். நம் வயல்களில் வைக்கோல் புரட்டும் வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கருவி வாங்கும் ஆண்கள் தங்கள் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். மரவாரி இரும்பு வாரியின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் என்பதை முதலில் சொன்னவர்கள் அதை இழுத்த பெண்களே.

இந்த வாரியைக் கொண்டு இருவர் 40 சென்ட் வயலின் வரிசைகளை இரண்டு மணி நேரத்தில் புரட்டிவிடுகிறார்கள். இழுப்பது என்று சொன்னாலும் உண்மையில் செய்வது இழுப்பு அல்ல. வரிசையின் ஒரு பக்கத்தில் பல்லை நுழைத்து, பாதி உருட்டி, பக்கத்திலுள்ள காய்ந்த தரையில் விழச் செய்கிறார்கள். ஈரமான அடிப்பக்கம் மேலே வருகிறது. காற்று உள்ளே புகுகிறது. அந்த ஒரு புரட்டல் ஒரு நாள் வெயிலுக்குச் சமம். கன்னிப்பூவில் அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்பது இங்கே பயிர் செய்கிறவர்களுக்குத் தெரியும். ஆவணியிலும் புரட்டாசியிலும் அறுவடை முடிந்த கையோடு கும்பப்பூவுக்குத் தொழி அடிக்க, அதாவது சேற்றுழவு செய்ய, வேண்டும். தென்மேற்குப் பருவமழையின் வாலும் வடகிழக்குப் பருவமழையின் தலையும் அந்த இடைவெளியை இரு பக்கமும் கடிக்கின்றன. கும்பப்பூ வைக்கோலுக்கு இந்தக் கவலை இல்லை. மாசி வெயிலில் வாரியே தொடாமல் இரண்டு மூன்று நாளில் அது காய்ந்துவிடும்.

நான்காவது, ஓர் இடைக்கால முயற்சி. பட்டறை ஒன்றில் வளைந்த கம்பிகளை ஒரு குறுக்குச் சட்டத்தில் வரிசையாகப் பற்றவைத்து, இரண்டு சிறு சக்கரங்களும் ஒரு கைநெம்புகோலும் பொருத்தி, இருவர் இழுக்கும்படி செய்வித்தேன். குதிரைகளைப் பூட்டி இழுத்த பழைய கொட்டு வாரியின் தத்துவம்தான் இது. பற்கள் தரையோடு ஓடி வைக்கோலைச் சேர்த்துக்கொண்டே வரும். நிறைந்ததும் நெம்புகோலை அழுத்தினால் பற்கள் மேலே எழும்பிக் குவியலைக் கொட்டிவிடும். அமெரிக்கப் பண்ணைகளில் 19ஆம் நூற்றாண்டில் ஒரே குதிரையுடன் ஒரே ஆள் பெரிய வெளியைக் கூட்டியது இதன் பலத்தில்தான். சமதரையான புல்வெளியில் இது அருமையாக ஓடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் வயலில் செயின் வண்டியின் தடம் ஒவ்வொன்றும் ஒரு சிறு வாய்க்கால். சக்கரம் அதில் இறங்கும்போது பற்கள் மேட்டு மண்ணில் குத்தி நின்றுவிட்டன. அத்துடன் அது வைக்கோலைப் புரட்டுவதில்லை, கூட்ட மட்டுமே செய்கிறது. 4,000 ரூபாய்ச் செலவில் நான் கற்றுக்கொண்டது, நம் வயலின் மேடுபள்ளத்தை உணர்ந்து தானாக ஏறி இறங்கும் சக்கரம் மனிதனின் தோள்தான் என்பது. தென்னந்தோப்பின் சமதரையில் ஓலைச் சருகும் காய்ந்த புல்லும் ஒதுக்க இதை இப்போது பயன்படுத்துகிறேன். அங்கே குறை சொல்ல முடியாது.

இனி டிராக்டர் வாரி. கடந்த கன்னிப்பூவில், வைக்கோலைச் சுருட்டிக் கட்டாக்கும் பேலர் இயந்திரத்தோடு சேர்த்து ஒரு விரல்சக்கர வாரியை வாடகைக்கு அமர்த்தினேன். வட்டச் சக்கரங்களின் விளிம்பைச் சுற்றிலும் கம்பி விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும்; சக்கரங்கள் பயணத் திசைக்குச் சாய்வாக நிற்பதால், தரையை உரசியபடியே தாமாகச் சுழன்று வைக்கோலை ஒரு பக்கமாகத் தள்ளிச் செல்லும். டிராக்டரின் பின்னால் கருவிகளைச் சுழற்ற இருக்கும் பி.டி.ஓ. தண்டிலிருந்து விசை எடுக்க வேண்டியதில்லை. சிறிய டிராக்டரே போதும். பழுதாகக்கூடிய பாகங்கள் மிகக் குறைவு. நெதர்லாந்தின் லேலி சகோதரர்கள் 1948இல் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கியபோது முதலில் கொண்டுவந்தது இந்தக் கருவியைத்தான் என்பதும், அது இன்றும் ஏறத்தாழ அதே வடிவில் விற்கப்படுகிறது என்பதும் அதன் எளிமைக்குச் சான்று. உலர்ந்த, அகன்ற நிலத்தில் வேகமாக ஓட்டினால் இதன் வேலைத்திறனோடு எந்தக் கைக்கருவியும் போட்டியிட முடியாது.

என் 40 சென்ட் துண்டில் அது வேலையை அரை மணி நேரத்தில் முடித்தது. ஆனால் திரும்புவதற்கே இரு தலைமாட்டிலும் கணிசமான இடம் போயிற்று; அங்கே கிடந்த வைக்கோலை டயர் மிதித்து மண்ணில் பதித்துவிட்டது. மற்ற நான்கு துண்டுகளுக்குள் இறங்க வரப்பை வெட்ட வேண்டும் என்றார்கள். ஒரு வரப்பை வெட்ட அனுமதித்தேன். வேலை முடிந்ததும் கட்டித் தருவதாகச் சொன்னவர்கள் கட்டாமலே போய்விட, அடுத்த வாரம் நான்தான் ஆள் வைத்துக் கட்டினேன். எஞ்சிய மூன்று துண்டுகளையும் மரவாரியாலேயே முடித்தோம்.

இந்தக் கருவியை அமர்த்துகிறவர்கள் ஒன்றை மட்டும் ஓட்டுநரிடம் வலியுறுத்திச் சொல்ல வேண்டும்: விரல்கள் தரையைத் தடவ வேண்டும், உழக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தத்தையும் சுருள்வில் கொண்டு கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. வேலையை விரைவில் முடிக்க எண்ணுகிறவர்கள் ஒரு தாள்கூட விடுபடாதபடி அழுத்தத்தைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள். அப்போது வைக்கோலோடு அடித்தாளும் மண்கட்டியும் சேர்ந்து கயிறுபோல முறுக்கிக்கொண்ட வரிசை உருவாகிறது. அந்த முறுக்கு உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டுக்குள் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பது பொதுவான அளவு. ஈரமானி இல்லாதவர்கள் வரிசையின் அடியிலிருந்து நான்கைந்து தாளை உருவி, கணுவை நகத்தால் அழுத்திப் பார்த்தால் போதும். ஈரம் கசிந்தால் பேலரை மறுநாளைக்கு மாற்றிவிடுவது நல்லது. வண்டிக்காரர் அதற்கு ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம். அறுவடைக் காலத்தில் தேதி அவருடையதே தவிர நம்முடையதல்ல.

மேலே சொன்ன எச்சரிக்கைக்கு வருகிறேன். கம்பிப் பல் கொண்ட எந்த வாரியிலும், அது கைவிசிறியானாலும் டிராக்டர் வாரியானாலும், கம்பி ஒருநாள் ஒடியும். ஒடிந்த துண்டு வைக்கோலுக்குள் விழுந்து கட்டாகி, மாட்டின் முன்னால் வந்து சேரும். மாடு தீனியை மனிதனைப் போல மென்று பார்த்து விழுங்குவதில்லை. விழுங்கிய கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, அதன் சுவரைக் குத்தி, அதற்கு முன்னால் மிக அருகிலிருக்கும் இதயத்தின் உறைவரை போய்விடக்கூடும். தீனி குறைந்து, முதுகை வளைத்து, முழங்கைகளை விரித்து நிற்கும் பசுவைக் கண்ட கால்நடை மருத்துவர்கள் முதலில் ஐயப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே, கம்பி வாரியைப் பயன்படுத்தினால் வேலைக்கு முன்னும் பின்னும் பற்களை எண்ணிப் பார்ப்பது கட்டாயம். நான் அமர்த்திய வாரியில் தொடக்கத்திலேயே இரண்டு விரல்கள் இல்லை. அவை எந்த வயலில், யாருடைய வைக்கோலில் கிடக்கின்றன என்று ஓட்டுநருக்கும் தெரியவில்லை. மரவாரியின் பல் ஒடிந்தால் மாட்டுக்குக் கிடைப்பது ஒரு பனஞ்சிராய் மட்டுமே.

சுழல்வாரி என்ற வகையும் உண்டு. செங்குத்தான அச்சைச் சுற்றிப் பல கைகள் குடைபோல விரிந்து சுழலும். ஒவ்வொரு கையும் ஒரு பக்கத்துக்கு வந்ததும் தானாகத் தூக்கிக்கொண்டு வைக்கோலை விட்டுவிடும். முறுக்காத, காற்றோட்டமான வரிசை கிடைப்பதால் உலர்புல் செய்கிறவர்கள் இதை மிகவும் மதிக்கிறார்கள். ஆனால் பி.டி.ஓ. விசை வேண்டும், விலை அதிகம், பற்சக்கரப் பெட்டிக்குப் பராமரிப்பும் வேண்டும். ஐந்து துண்டு வயலுக்கு இதை நினைத்துப் பார்ப்பதே வீண். இணைச்சட்ட வாரி எனப்படும் பழைய பக்கத்தள்ளு வாரி, உதிரும் இலையுள்ள தீவனங்களுக்கு மென்மையானது என்று பெயர் பெற்றது; குதிரைமசால் போன்றவற்றை உலர்த்தும் பெரிய பண்ணைகளுக்கு அது பொருந்தும்.

இலை உதிர்வு நெல் வைக்கோலில் பெரிய பிரச்சினையல்ல. ஆனால் கும்பப்பூவுக்குப் பின் உளுந்து விதைக்கிறவர்களுக்கு அது முக்கியம். உளுத்தங்கொடியில் சத்தெல்லாம் இலையில் இருக்கிறது. நண்பகல் வெயிலில் மொறுமொறுப்பாக இருக்கும்போது எந்த வாரியால் இழுத்தாலும் இலை மண்ணுக்கும் தண்டு மாட்டுக்கும் போகும். பனி ஈரம் விலகுவதற்கு முன், காலை ஏழு ஏழரை மணிக்குள், மரவாரியால் மெதுவாக உருட்டி ஒதுக்கிவிட்டு, வெயில் ஏறிய பின் அள்ளுவதே சரி. நெல் வைக்கோலுக்கு நேர்மாறு. பனி முற்றிலும் உலர்ந்த பிறகே தொட வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றியும் ஒரு சொல். தோவாளை வட்டாரத்தில் ஆவணி வரையிலும் அந்தக் காற்று ஓய்வதில்லை. உலர்ந்த வைக்கோலை மெல்லிய வரிசையாக விட்டால் மாலைக்குள் அது பக்கத்து வயல்காரருடையதாகிவிடும். காற்றின் திசைக்குக் குறுக்காக அல்லாமல் நெடுக்காக வரிசையை ஒதுக்கி, இரண்டு வரிசையை ஒன்றாக்கிவிட்டால் பறப்பது பெருமளவு குறைகிறது. விரல்சக்கர வாரியால் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் டிராக்டர் வயலின் நீளத்துக்குத்தான் ஓடும். கைவாரிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சொந்தமாக டிராக்டர் வாரி வாங்குவதைப் பற்றி யோசிப்பவர்கள் பேலரை முதலில் பார்க்க வேண்டும், வாரியை அல்ல. மழையில் நனையாத கும்பப்பூவில், செயின் வண்டி விட்டுச் சென்ற வரிசை மேலேயே பேலர் நேராக ஓடலாம். வாரிக்கு வேலையே இல்லை. மழை விழுந்து புரட்ட வேண்டிவரும் கன்னிப்பூவிலோ வயல் ஈரமாக இருப்பதால் டிராக்டரை இறக்கவே தயங்குவோம். வேலை இருக்கும்போது இறங்க முடியாத, இறங்க முடியும்போது வேலை இல்லாத கருவியைச் சிறு விவசாயி தனியாக வாங்குவதில் பொருளில்லை. பற்று, அதாவது வயல்வெளி, முழுவதும் ஒரே சமயத்தில் அறுக்கும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாங்கினால் கணக்கு மாறலாம். வாடகைக்கு எடுப்பதானால் வேளாண்மைப் பொறியியல் துறையிடம் அந்தப் பூவில் என்ன கருவிகள் இருக்கின்றன என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. அறுவடை தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மரவாரியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நான்கு பூக்களில் மூன்று பற்கள் ஒடிந்தன. மாற்றுப் பல் ஒன்றுக்கு ஆசாரி 20 ரூபாய் வாங்கினார். வெயிலில் விட்டுவைத்தால் தலைமரம் வற்றிப் பல் தளர்கிறது; மழையில் விட்டால் உப்பிப் பிளக்கிறது. தொழுவத்து உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பூவுக்கு ஒருமுறை வேப்பெண்ணெய் தடவினால் இரண்டும் தவிர்கின்றன. பிடி தலையோடு சேரும் இடத்தில் ஒற்றைத் துளையை நம்பக் கூடாது. மூங்கில் நுனியை இரண்டாகப் பிளந்து, இரு கவராகத் தலையில் செருகினால்தான் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். என் வாரியில் இது இல்லாததால் முதல் பூவிலேயே பிடி ஆடத் தொடங்கி, பிறகு கம்பிச் சுற்று போட்டுச் சரிசெய்தோம். கம்பியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு நானே கம்பி சுற்றியிருப்பது சரியல்ல என்று பட்டதால், அதையும் போன மாதம் அவிழ்த்துத் தென்னங்கயிறால் வரிந்துவிட்டேன்.

அடுத்த கும்பப்பூவுக்கு முன் இன்னொரு மரவாரி செய்யச் சொல்லியிருக்கிறேன். தலை 24 அங்குலம், பற்கள் பத்து, பிடி சற்றுக் குட்டையாக. செயின் வண்டி திரும்ப முடியாத மூலைகளில் கையால் அறுத்த வைக்கோலை ஒதுக்க 30 அங்குலத் தலை வரப்பில் இடிக்கிறது. வேலைக்கு வரும் இருவரில் ஒருவருக்கு என் நெற்றி உயரப் பிடி தலைக்கு மேலே போகிறது.